மச்சினன் காதும் மஸில் பிரேக்கும்

மான் விழுந்துவிட்டது. நூற்றுப்பத்து கஜம் இருக்கும், ஓடைக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த வெள்ளைவால் மான், ஒரே குண்டு, நின்ற இடத்திலேயே சாய்ந்தது. கொண்டாட வேண்டிய நேரம். ஆனால் பரணுக்குள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சினன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முழங்காலுக்குள் தலையைப் புதைத்திருந்தான். நான் ஏதோ கேட்டேன், என் குரலே எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தவன் ஊருக்கே கேட்கும்படி கத்தினான்: "அத்தான், ஒண்ணு இந்தத் துப்பாக்கிய மாத்துங்க, இல்ல இனிமே என்னைக் கூப்பிடாதீங்க!"

இது நடந்தது 2021 நவம்பரில், டெக்சாஸில், லானோ என்ற சின்ன ஊருக்கு வெளியே. தன்னை டெக்சாஸின் மான் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும் ஊர் அது. ஆஸ்டினிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் வந்துவிடும், வழியெல்லாம் கருவேல மரங்களைப் போல முள்ளோடு நிற்கும் மெஸ்கீட் மரங்கள், பாறை, வறண்ட ஓடை. முதல்முறை பார்த்தபோது ராமநாதபுரம் பக்கம் வந்துவிட்ட மாதிரி இருந்தது, பாறை மட்டும் கொஞ்சம் அதிகம்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் அடி விழும். இந்தியாவில் 1972 வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்த கதை, அது நல்ல முடிவும்கூட. இங்கே நிலைமை வேறு. மானைத் தின்னும் ஓநாய் எப்போதோ அழிந்துவிட்டது, மான் பெருகிப் பெருகி மேய்ச்சலைக் காலி செய்துவிட்டுத் தானே பட்டினி கிடக்கும். காட்டுப்பன்றி இன்னும் மோசம், மாநிலம் முழுக்க இருபது லட்சத்துக்கு மேல் இருக்கும் என்கிறார்கள், ஒரே இரவில் ஒரு வயலை உழுது போட்டுவிடும். அதற்கு வேட்டைப் பருவமே கிடையாது, 2019 முதல் தனியார் நிலத்தில் உரிமையாளர் அனுமதி இருந்தால் உரிமம்கூட வேண்டாம். மானுக்கு உரிமம் வேண்டும், பருவம் உண்டு, எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. சுட்டதை நாங்கள் சாப்பிடுகிறோம். மிளகு தூக்கலாகப் போட்ட மான்கறி வறுவல் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம், இன்றைக்கு வேண்டாம்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். என்னுடையது .308 வின்செஸ்டர் தோட்டா போடும் போல்ட் துப்பாக்கி, குழல் 18 அங்குலம்தான், முனையில் கம்பெனியிலேயே மரை வெட்டி வந்தது. எடை குறைவு என்றுதான் வாங்கினேன். எடை குறைந்த துப்பாக்கி நன்றாக உதைக்கும் என்பது முதல் இருபது தோட்டாவிலேயே தெரிந்தது. தோள் வலியோடு கடைக்குப் போனேன். குழல் முனையில் திருகிக்கொள்ள இரண்டு சாமான் இருக்கிறது என்றார் கடைக்காரர். ஒன்று உதையைக் குறைக்கும் மஸில் பிரேக், 110 டாலர், இப்போதே எடுத்துக்கொண்டு போகலாம். இன்னொன்று சத்தத்தை அடக்கும் சப்ரஸர், 900 டாலர், அதற்கு மேல் அரசுக்கு 200 டாலர் வரி, கைரேகை, புகைப்படம், அப்புறம் எட்டு மாதமோ பத்து மாதமோ காத்திருக்க வேண்டும். நான் எதை எடுத்தேன் என்று சொல்லத் தேவையில்லை. தீபாவளித் தள்ளுபடியில் சட்டை வாங்குகிறவன் புத்தி அப்படித்தான் வேலை செய்யும்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று அன்று எனக்குத் தெரியாது. வாங்கிய பிறகு படித்ததைச் சொல்கிறேன்.

துப்பாக்கி ஏன் உதைக்கிறது? குண்டு முன்னால் போவதால் துப்பாக்கி பின்னால் வருகிறது, பள்ளிக்கூடத்து நியூட்டன் விதி. ஆனால் முன்னால் போவது குண்டு மட்டும் இல்லை. என் தோட்டாவில் குண்டு 9.7 கிராம், அதற்குப் பின்னால் இருக்கும் வெடிமருந்து கிட்டத்தட்ட 3 கிராம். மருந்து எரிந்து காணாமல் போய்விடுவதில்லை, அந்த 3 கிராமும் வாயுவாகி, குண்டு வெளியேறிய மறுகணம் குண்டைவிட ஒன்றரை மடங்கு வேகத்துக்கும் மேலே பீய்ச்சிக்கொண்டு வருகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்த உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கு இந்த வாயுவுடையது. குண்டை ஒன்றும் செய்ய முடியாது, அது போக வேண்டிய இடத்துக்குப் போகத்தான் வேண்டும். வாயுவை மட்டும்தான் பிடிக்க முடியும்.

பிரேக் என்பது பக்கவாட்டில் ஓட்டை போட்ட ஒரு இரும்புக் குழாய், அவ்வளவுதான். நேராக முன்னால் போக வேண்டிய வாயு அந்த ஓட்டைகளின் சுவரில் மோதி, பக்கவாட்டிலும் கொஞ்சம் பின்பக்கமாகவும் திரும்புகிறது. மோதும்போது துப்பாக்கியை முன்னால் இழுக்கிறது. அதனால் உதை குறைகிறது, நல்ல பிரேக் என்றால் பாதிக்குப் பாதி குறையும். மேக்னம் போன்ற பெரிய தோட்டாக்களில் மருந்து அதிகம், வாயுவின் பங்கும் அதிகம், அதனால் பிரேக்கின் பலனும் அங்கே கூடுதல். இதில் ஒரு ஏமாற்றும் இல்லை. என் தோள்வலி அன்றே போய்விட்டது, ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகும் மைதானத்தில், ஐந்து குண்டும் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்குள் விழுந்தன, எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் திருப்பிவிட்ட வாயு எங்கே போகும்? பின்பக்கமாக என்றேன் இல்லையா, பின்பக்கம் இருப்பது நான்தான். என் பக்கத்தில் இருப்பவன் இன்னும் பாவம், ஓட்டைகள் நேராக அவனைத்தான் பார்க்கின்றன. ரேஞ்சில் காதை மூடும் கவசமான மஃப் போட்டிருந்ததால் எனக்கு இது உறைக்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் தன் சாமான்களை எல்லாம் எடுத்துக்கொண்டு ஏழு மேசை தள்ளிப் போனபோது மரியாதை தெரியாத மனுஷன் என்றுகூட நினைத்தேன்.

இப்போது பரணைப் பற்றிக் கொஞ்சம். இங்கே பாக்ஸ் பிளைண்ட் என்பார்கள், எனக்கு அது பரண்தான், புனம் காக்கப் போட்ட பரணுக்கு நான்கு சுவரும் கூரையும் வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. பிளைவுட் பெட்டி, ஆறடிக்கு நாலடி, உள்ளே இரண்டு நாற்காலி, நாலு பக்கமும் சின்ன ஜன்னல். குழல் நீளமாக இருந்தால் முனை ஜன்னலுக்கு வெளியே நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். என்னுடையது 18 அங்குலம், பிரேக்கின் ஓட்டைகள் சரியாக ஜன்னல் சட்டத்தை ஒட்டி நின்றன. சுட்டதும் வெளியே போன சத்தத்தில் பாதி திரும்பி உள்ளே வந்து, பிளைவுட்டில் மோதி, எங்கள் இருவர் காதிலும் இறங்கியது. இருவரும் மஃப்பைக் கழுத்தில் மாலை மாதிரி போட்டிருந்தோம். ஏன் என்று கேட்டால், மான் நடந்து வரும் சருகுச் சத்தம் கேட்க வேண்டுமே! வேட்டைக்காரர்களில் பாதிப் பேர் இப்படித்தான், ரேஞ்சில் ஒழுங்காகப் போடுவார்கள், காட்டில் போடமாட்டார்கள். "ஒரு குண்டுதானே" என்பார்கள்.

அந்த ஒரு குண்டின் கணக்கு இது. வெறும் குழலில் .308 சுட்டால் முனையருகே 165 டெசிபலைச் சுற்றி வரும். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதி வெடிச்சத்தத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 140. பிரேக் போட்டால் சுடுபவர் காதருகே இன்னும் ஐந்து முதல் பத்து டெசிபல்வரை கூடலாம். ஐந்து பத்துதானே என்று தோன்றும், ஆனால் டெசிபல் காய்கறி எடை மாதிரி கூட்டிக்கொண்டு போகும் அளவு இல்லை, பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. அதாவது 110 டாலர் கொடுத்து என் காதுக்குள் இறங்கும் வெடியை நானே பெருக்கி வைத்திருந்தேன்.

மூன்று நாள் காதில் கொய்ங் என்ற சத்தம் நிற்கவில்லை. மச்சினனுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது, இளம் காது. எனக்கு அது முழுவதுமாகப் போகவே இல்லை, இரவு அமைதியான நேரத்தில் இப்போதும் ஒரு மெல்லிய சில்வண்டு. காது பரிசோதனைக்குப் போனேன். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம், அதுவும் இடது காதில் ஆழமாக. எடுத்த எடுப்பில் "வலது தோளில் வைத்துச் சுடுவீர்களா?" என்று கேட்டார் பரிசோதனை செய்த பெண்மணி. வலது கைக்காரர்கள் கன்னத்தைத் துப்பாக்கியில் வைத்து ஒருக்களிக்கும்போது இடது காது முனைப்பக்கம் திரும்பியிருக்கும், வலது காதைத் தலையே மறைத்துக்கொள்ளும், அதனால் இடது காது முதலில் போகும். போனது திரும்பாது, உள்காதில் உள்ள மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை என்றும் சொன்னார். ஊரிலிருந்து என் அம்மா போனில் பேசும்போது ச, ஸ எல்லாம் இடது காதில் கரைந்துபோகின்றன. இப்போது போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டேன். அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் சப்ரஸருக்கு மனு போட முடிவு செய்தேன்.

சப்ரஸர் என்று இன்றைக்கு எல்லோரும் சொன்னாலும் அமெரிக்கச் சட்டப் புத்தகத்தில் அதன் பெயர் சைலன்சர்தான். நமக்கு அந்த வார்த்தை பைக்கிலிருந்தே தெரியும். உண்மையில் இரண்டும் ஒரே குடும்பம். ஹைரம் பெர்சி மேக்ஸிம் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1909இல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கினார், கார் எஞ்சின் புகைக்குழாய்ச் சத்தத்தை அடக்குவதிலும் அதே கருத்தை வைத்து வேலை செய்தார். வேகமாக வரும் சூடான வாயுவை அறை அறையாகத் தடுத்து, சுழலவிட்டு, ஆறவிட்டு மெதுவாக வெளியே அனுப்புவதுதான் கருத்து. ஹாம் ரேடியோ ஆட்களுக்கும் இவரைத் தெரிந்திருக்கும், 1914இல் அமெரிக்க அமெச்சூர் ரேடியோ சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. இவருடைய அப்பாதான் மேக்ஸிம் இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்தவர். அதைச் சுட்டுச் சுட்டுப் பார்த்தே அந்த மனிதருக்குக் காது போய்விட்டது. அப்பன் காதைக் கெடுத்துக்கொண்டான், மகன் சைலன்சர் செய்தான்.

அந்தக் காலத்தில் தபாலில் வரவழைத்துவிடலாம். தியோடர் ரூஸ்வெல்ட்டின் வேட்டைத் துப்பாக்கிகளில் ஒன்றில்கூட மேக்ஸிம் சைலன்சர் இருந்தது. 1934இல் வந்த தேசிய துப்பாக்கிச் சட்டம் இதையும் இயந்திரத் துப்பாக்கியையும் ஒரே பட்டியலில் சேர்த்து, கை மாறும்போதெல்லாம் 200 டாலர் வரி என்றது. அன்று ஒரு புது ஃபோர்டு காரின் அடிப்படை விலையே 500 டாலரைச் சுற்றித்தான், ஆக வரி என்ற பெயரில் அது ஒரு பூட்டு. அந்த 200 தொண்ணூறு வருஷமாக ஏறவே இல்லை, விலைவாசி ஏறி அதைச் சில்லறையாக்கிவிட்டது. 2025இல் நிறைவேறிய சட்டப்படி 2026 ஜனவரி 1 முதல் சப்ரஸருக்கு அந்த வரி பூஜ்யம். வரிதான் போனது, பதிவு போகவில்லை. படிவம், கைரேகை, புகைப்படம், பின்புலச் சோதனை எல்லாம் அப்படியே இருக்கின்றன.

நான் 2022இல் மனு போட்டேன், வரியும் கட்டினேன், கைக்கு வர ஒன்பது மாதம் ஆனது. பிள்ளை பெறும் காலம் என்று வீட்டில் கேலி செய்தார்கள். கடைக்காரர் பெட்டகத்தில் என் காசில் வாங்கிய சாமான் தூங்கும், நான் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவேன், தொடக்கூடச் சங்கடம். 2024இல் ஆன்லைனில் மனு போட்ட நண்பனுக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. எனக்குப் பொறாமை இல்லை என்று சொல்லமாட்டேன்.

இங்கிருக்கும் நம் ஆட்கள் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டுக்காரர்களுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் விசாவையே நம்பி வாழ்பவர்கள் நான் எழுதியதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள், வக்கீலிடம் ஒரு மணி நேரக் காசைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அப்புறம் மாநிலம். 42 மாநிலங்களில் சப்ரஸர் வைத்திருக்கலாம், கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சியில் முடியாது. நியூஜெர்சித் தமிழர்களுக்கு இந்தப் பதிவே வெறும் கதைதான், மன்னிக்கவும். டெக்சாஸில் 2012 முதல் மான் வேட்டைக்கும் அனுமதி உண்டு.

இப்போது முக்கியமான கேள்வி. சினிமாவில் வருகிற மாதிரி "ப்ஸ்க்" என்று சுடுமா? சுடாது. என் குண்டு நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் போகிறது, ஒலியின் வேகம் 340தான். ஒலியை மிஞ்சும் எதுவும் வழியெல்லாம் சாட்டையடி மாதிரி ஒரு வெடிப்பை விட்டுக்கொண்டே போகும், அதைச் சப்ரஸர் ஒன்றும் செய்ய முடியாது. முனையில் பிறக்கும் வெடியை 25 முதல் 35 டெசிபல் குறைக்கும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்கிறேனே தவிர, 30 டெசிபல் என்றால் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காதில் நல்ல நுரை (ஃபோம்) அடைப்பான் வைத்த அளவு பாதுகாப்பு, அதுவும் எனக்கு மட்டுமல்ல, பக்கத்தில் இருப்பவனுக்கும், பண்ணை நாய்க்கும், அடுத்த நிலத்தில் குதிரை வைத்திருக்கும் பெரியவருக்கும் சேர்த்து. அப்படியும் மிஞ்சுவது 135, 140 டெசிபல். விளம்பரத்தில் காதுக்குப் பாதுகாப்பானது என்று போட்டிருப்பார்கள், அதை நம்பி வெறும் காதோடு ஒரு பெட்டித் தோட்டாவைக் காலி செய்யாதீர்கள். நான் இப்போதும் எலக்ட்ரானிக் மஃப் போடுகிறேன். அறுபது டாலர் சாமான். சருகுச் சத்தத்தைப் பெருக்கிக் காட்டும், வெடிச்சத்தத்தை அடைத்துவிடும். 2021இல் இது என்னிடம் இருந்திருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

உதை? சப்ரஸரும் குறைக்கும், பிரேக் அளவுக்கு இல்லை. வாயுவின் வேகத்தைக் கொல்கிறது, கூடவே முனையில் 370 கிராம் டைட்டானியம் தொங்குவதால் குழல் துள்ளுவதும் குறைகிறது. தோளுக்குத் தெரியும் வித்தியாசம் கால்பங்கு, அதற்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். காகிதத்தில் பிரேக் ஜெயிக்கிறது. ஆனால் நான் நன்றாகச் சுட்டது சப்ரஸரில்தான். ஏன் என்று ரொம்ப நாள் புரியவில்லை, என் மகள்தான் புரியவைத்தாள்.

அவளுக்குப் பதின்மூன்று வயது. ரேஞ்சில் முதலில் பிரேக்கோடு சுடவைத்தேன், உதை குறைவாக இருக்கட்டும் என்று. மூன்றாவது தோட்டாவிலிருந்து விசையை இழுக்கும் முன்னாலேயே கண்ணை மூட ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரியாமல் நடுவில் ஒரு டம்மி தோட்டாவைப் போட்டுப் பார்த்தேன், டிக் என்ற சத்தத்துக்கே குழல் நாலு அங்குலம் கீழே குத்தியது. வலிக்கிறதா என்றேன். "வலிக்கலப்பா, மூஞ்சில யாரோ அறையுற மாதிரி இருக்கு" என்றாள். அறைந்தது பிரேக் திருப்பிவிட்ட காற்றும் சத்தமும். தோளில் விழும் உதையைக் கண்டு மட்டும்தான் உடம்பு பயப்படும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், முகத்தில் விழும் வெடிக்கும் அது அதே அளவு கூசும், மஃப்புக்கு மேலே மஃப் போட்டாலும் நெஞ்சிலும் கன்னத்திலும் அது விழுந்துகொண்டேதான் இருக்கும். சப்ரஸரை மாட்டிக் கொடுத்தபோது உதை கூடத்தான் செய்தது, அவள் கண்ணை மூடவில்லை. எனக்கும் அதே வியாதிதான் இருந்திருக்கிறது, வயதானவன் என்பதால் ஒத்துக்கொள்ளவில்லை.

சப்ரஸரோடு குடித்தனம் நடத்துவதில் தொல்லையே இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் தொல்லை நீளம். 18 அங்குலக் குழலோடு 7 அங்குலம் சேர்ந்து 25 ஆகிவிடுகிறது, பரண் ஏணியில் ஏறும்போது இடிக்கும், செடார் புதரில் மாட்டும். (நீளக் குழல் வைத்திருப்பவர்கள் சப்ரஸர் வாங்கிய கையோடு குழலை வெட்டிக் குறைக்கக் கிளம்புவார்கள். வெட்டுவதும் மரை போடுவதும் துப்பாக்கி வேலை தெரிந்த, உரிமம் உள்ளவர் லேத்தில் செய்ய வேண்டிய வேலை, மரை குழலின் துளைக்கு நேராக இல்லாவிட்டால் குண்டு சப்ரஸரின் உள்சுவரை உரசிக்கொண்டு போகும், 900 டாலர் ஒரே நொடியில் பழைய இரும்பு.) இரண்டாவது, குறி நகரும். மாட்டிய அன்று என் குண்டு நூறு கஜத்தில் இரண்டு அங்குலம் கீழே இறங்கியது. பயப்பட ஒன்றுமில்லை, ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத்தான் இறங்கும், மாட்டிய நிலையில் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டுக் கழற்றாமல் இருந்தால் போதும். பிரேக்கும் குறியை நகர்த்தும், அதைச் சொல்லத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மூன்றாவது சூடு. ஏழெட்டுக் குண்டு சுட்டால் தோசைக்கல். ஸ்கோப்பில் பார்த்தால் கானல் நீர் மாதிரி இலக்கு ஆடும். மான் வேட்டைக்கு ஒன்று இரண்டு குண்டுதான் என்பதால் பாதகமில்லை, பன்றிக் கூட்டத்தின் மேல் வரிசையாகச் சுடுபவர்கள் சப்ரஸருக்கு உறை போட்டுக்கொள்வார்கள். சூடாகி ஆறும்போது மரை தளரும், ஒவ்வொரு முறை குண்டு போடும் முன்னும் கையால் திருகிப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆறியபிறகு. வீட்டுக்கு வந்ததும் கழற்றிக் காயவைக்காவிட்டால் உள்ளே கோத்த ஈரம் குழல் முனையில் துரு ஏற்றிவிடும்.

பிரேக்கும் சும்மா திருகிவிட்டுப் போகிற சாமான் இல்லை, ஓட்டைகள் சரியாக இடம் வலம் பார்த்து நிற்க வேண்டும், அதற்கு மெல்லிய வாஷர்களை வைத்து அளந்து நிறுத்த வேண்டும். கீழேயும் ஓட்டை இருக்கிற பிரேக்கைத் தரையில் படுத்துச் சுட்டால் புழுதி கிளம்பிக் குண்டு எங்கே விழுந்தது என்றே தெரியாது.

காசுக் கணக்கில் ஒன்று நான் தாமதமாகத்தான் கவனித்தேன். பிரேக் என்றால் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒன்று. சப்ரஸரை .30 அளவில் வாங்கிவிட்டால் .308க்கும் மாட்டலாம், மகளுக்கு வாங்கிய, சின்னக் குண்டு போடும் 6.5 கிரீட்மூர் துப்பாக்கிக்கும் மாட்டலாம், மரை அளவு ஒன்றாக இருந்தால் போதும். சின்னக் குண்டுக்குப் பெரிய துளை என்பதால் சத்தம் கொஞ்சம் கூடும், கண்டுகொள்ள வேண்டியதில்லை. பெரிய குண்டைச் சின்னத் துளை சப்ரஸரில் மட்டும் சுட்டுவிடாதீர்கள்.

பிரேக் யாருக்குமே ஆகாதா என்று கேட்டால், ஆகும். என் அலுவலக நண்பர் கொலராடோவில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போகிறவர், .300 வின்செஸ்டர் மேக்னம், பத்தாயிரம் அடி உயரத்தில் நாள் முழுக்க நடை. முனையில் கால் கிலோவுக்கு மேல் எதுவும் தொங்கக் கூடாது என்கிறார், அந்தத் தோட்டாவின் உதைக்கு ஏதாவது ஒன்று இல்லாமலும் முடியாது. பிரேக் போட்டிருக்கிறார். தனியாகப் போகிறவர், திறந்த மலைச்சரிவு, சுடும் முன் காதை அடைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர். அவரிடம் போய் மாற்றுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சப்ரஸர் தடைசெய்த மாநிலத்தில் இருப்பவருக்கும் வேறு வழி இல்லை. வழிகாட்டி வைத்துப் போவதாக இருந்தால் மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பிரேக் போட்ட துப்பாக்கியோடு வந்தால் முகம் சுளிக்கும் வழிகாட்டிகள் நிறைய. அவர்கள் நிற்பது நம் தோளுக்குப் பக்கத்தில், பருவம் முழுக்க.

நம்மைப் போலப் பரணில் இருவராக உட்கார்ந்து நூறு நூற்றைம்பது கஜத்தில் .308ஓ 6.5ஓ சுடுகிறவர்களுக்கு நான் வேறு யோசனையே சொல்லமாட்டேன். சப்ரஸர். காத்திருக்கும் காலத்தில் வெறும் குழலோடு, மரைக்கு மூடியைப் போட்டுக்கொண்டு, மஃப்போடு சுடுங்கள். .308இன் உதை பொறுத்துக்கொள்ளக் கூடியதுதான், நான்தான் பொறுக்கவில்லை.

மச்சினன் போன வருஷம் மறுபடி வந்தான். ஏணியில் ஏறும் முன்னால் குழல் முனையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினான். மஃப்பைக் காதில் மாட்டிக்கொண்டுதான் நாற்காலியிலேயே உட்கார்ந்தான்.

பிரேக் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. 5/8-24 மரை, .30 அளவு, எண்பது குண்டுகூடச் சுட்டிருக்காது, வாஷர்களும் இருக்கின்றன. ஆஸ்டின் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் நாற்பது டாலருக்குத் தருகிறேன், ஒரு ஜோடி மஃப்பையும் சேர்த்துத்தான் தருவேன், மஃப் வேண்டாம் என்பவர்களுக்கு பிரேக்கும் கிடையாது.